மற்றும் குடும்பத்தினர்

சென்ற ஆண்டு பங்குனியில் அன்னூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். முதுகலைத் தமிழ் படிக்கும் என் மாணவி ஒருத்தி அழைத்திருந்தாள். அவளுடைய பெரியப்பா மகன்கள் மெல்லிசைக் குழு ஒன்று நடத்துகிறார்கள். மாசி தொடங்கிச் சித்திரை முடியும்வரை புளியம்பட்டி, கோபி, பவானி, காங்கயம் என்று ஊர் ஊராகக் கச்சேரி. பகலில் வகுப்பில் தூங்கி வழிபவள் இரவில் என்ன செய்கிறாள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பதரைக்குத் தொடங்கிய கச்சேரி ஒரு மணிக்கு முடிந்தது. மொத்தம் இருபத்திரண்டு பாட்டு. அவற்றில் பதினான்கு அவள் பாடியவை. நான் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சாமிப் பாட்டில் தொடங்கி, எண்பதுகளின் டூயட்டுகளைத் தாண்டி, கடைசியில் இளவட்டங்கள் விசிலடித்துக் கேட்ட குத்துப்பாட்டுவரை அந்த ஒரு தொண்டைதான் ஓடியது. இடையில் கீபோர்டு வாசித்தவர் ஒரு பாட்டின் சுருதியைத் தப்பாக எடுத்துவிட, இவள் திரும்பிப் பார்க்காமலே விரலால் சைகை காட்டி அவரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ் பேனர். குழுவின் பெயர் மேலே. அதன் கீழே கீபோர்டு, தபேலா, ரிதம் பேட், பாடகர் என்று ஒவ்வொருவரின் படமும் பெயரும். ஒலி ஒளி அமைப்பவர் பெயர் இருந்தது. ஜெனரேட்டர்க்காரர் பெயர்கூட இருந்தது, கைப்பேசி எண்ணோடு. கடைசி வரியில் சின்ன எழுத்தில், ‘மற்றும் குடும்பத்தினர்’.

கச்சேரி முடிந்து சுக்குக்காப்பி குடிக்கும்போது கேட்டேன். “உன் பேரைப் போடச் சொல்லிக் கேக்கலையா கண்ணு?”

“குடும்பத்தினர்னு போட்டிருக்காங்களேங்க மேடம். அதுல நானும்தானுங்களே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “கண்ணாலத்துக்கு நிக்கிற பிள்ளை பேரைப் பேனர்ல போட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கன்னு பெரியப்பா சொன்னாருங்க” என்றாள்.

கீபோர்டுக்காரர் வெளியாள். அவருக்கு அன்றிரவே கையில் கூலி. இவள் வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பிள்ளைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

விடியற்காலையில் கோவைக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு வேறொரு பெண்ணின் நினைவாகவே இருந்தது. அவர் பெயர் லட்சுமி சங்கர். அவர் பாடிய மேடைக்கும் அன்னூர் மேடைக்கும் நடுவில் ஒரு கடலும் ஐம்பது ஆண்டுகளும் இருக்கின்றன. ஆனாலும் ‘மற்றும் குடும்பத்தினர்’ என்ற அந்தக் கடைசி வரி இரண்டுக்கும் பொதுவானது.

1974ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்கள். பீட்டில்ஸ் இசைக்குழு உடைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் வட அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தப் புறப்பட்டார். பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர் தனியாக அந்தக் கண்டத்தில் மேற்கொண்ட முதல் இசைப்பயணம் அது. நவம்பர் 2 அன்று வான்கூவரில் தொடங்கி டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முடிந்தது. ராக் இசை கேட்கத் திரண்டு வந்த அந்தக் கூட்டத்தின் முன் ஒரு பெரிய இந்திய இசைக்குழுவும் அமர்ந்திருந்தது. தலைவர் பண்டிட் ரவிசங்கர். தபேலாவில் அல்லா ரக்கா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, சந்தூரில் சிவகுமார் சர்மா, சாரங்கியில் சுல்தான் கான், வயலினில் எல். சுப்ரமணியம், மிருதங்கத்தில் டி.வி. கோபாலகிருஷ்ணன். இந்தப் பெயர்களில் பாதியையாவது இசை கேட்கும் எவரும் அறிவார்கள்.

பயணத்தின் நடுவே சிகாகோவில் ரவிசங்கருக்கு மாரடைப்பு வந்தது. அவர் மருத்துவமனையில் படுத்துவிட்டார். கச்சேரிகள் நிற்கவில்லை. அத்தனை பெரிய கலைஞர்கள் அடங்கிய குழுவை அவர் இடத்தில் நின்று நடத்தியவர் ஒரு பெண். லட்சுமி சங்கர். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

யார் இந்த லட்சுமி சங்கர் என்று தேடினால் நமக்குக் கிடைக்கும் முதல் விடை, ‘ரவிசங்கரின் அண்ணி’. அவரைப் பற்றி நான் வாசித்த குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த உறவுமுறையில்தான் தொடங்குகின்றன. சிகாகோ சம்பவத்தைச் சொல்லும் வரியும் அப்படித்தான்: ரவிசங்கர் உடல்நலம் குன்றியபோது அவருடைய அண்ணி குழுவை நடத்தினார். இதைப் படித்தால் என்ன தோன்றும்? வீட்டில் ஆம்பிளைக்கு உடம்பு முடியவில்லை, அண்ணி வந்து கடையைப் பார்த்துக்கொண்டார் என்பதுபோல இல்லையா?

அந்த அண்ணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1926ஆம் ஆண்டு ஜாம்ஷெட்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பரதநாட்டியம் கற்றார். குரு கந்தப்பா பிள்ளை, பாலசரஸ்வதிக்குக் கற்பித்த அதே ஆசான். இமயமலையடிவாரத்து அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். உதயசங்கரின் தம்பி ராஜேந்திர சங்கரை 1941இல் மணந்தார். அப்போது வயது பதினைந்து. நடனக்காரியாகவே பெயரெடுத்தார். பிறகு நுரையீரல் உறை அழற்சி நோய் வந்து ஆட முடியாமல் போனது.

ஆட்டம் போனதும் அவர் வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. கர்நாடக இசையின் அடித்தளம் உள்ள ஒருவர், கல்யாணமாகி, நோயிலிருந்து எழுந்து, இந்துஸ்தானி இசையை முதலிலிருந்து கற்கத் தொடங்கினார். பாட்டியாலா மரபின் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் பயின்றார். கயாலும் தும்ரியும் பஜனும் பாடி வடநாட்டு மேடைகளில் இடம்பிடித்தார். இந்துஸ்தானி இசையில் வடக்கத்தியர் ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தமிழ்ப்பெண் ஒருத்தி நிமிர்வது எவ்வளவு அரிது என்பதை இசை தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

1974இல் ஜார்ஜ் ஹாரிசன் தயாரித்து ஓர் இசைத்தட்டு வந்தது. அதன் முதல் பாட்டு லட்சுமி சங்கர் ஆங்கிலத்தில் பாடியது. கண்ணனைப் பிரிந்து ஏங்கும் பாட்டு. ரவிசங்கர் இயற்றியது. தனி இசைத்தட்டாகவும் வெளியானது. டிரம்ஸ் வாசித்தவர்களில் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டாரும் ஒருவர். அவர் வேறு பெயரில் வாசித்தார். ஜார்ஜ் ஹாரிசனும் அதில் ‘ஹரி ஜார்ஜ்சன்’ என்று ஒரு விளையாட்டுப் பெயர் வைத்துக்கொண்டார். பெயர் இருக்கிறவர்கள் பெயரோடு விளையாடலாம், ஒளித்துவைக்கலாம், இன்னொன்று சூட்டிக்கொள்ளலாம். தேடிக் கண்டுபிடிக்க ரசிகர்கள் இருக்கிறார்கள்.

அந்த இசைத்தட்டின் தலைப்பைப் பாருங்கள்: ‘சங்கர் ஃபேமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’. சங்கர் குடும்பமும் நண்பர்களும்.

நான் சண்டை போட விரும்புவது இந்தத் தலைப்போடுதான். யாரெல்லாம் நண்பர்கள்? வெளியிலிருந்து வந்த ஆண் கலைஞர்கள். யாரெல்லாம் குடும்பம்? ரவிசங்கரை விட்டுவிட்டால், பெரும்பாலும் பெண்கள். அதே ஆண்டின் இந்திய இசைக்குழுவில் லட்சுமி பாடினார், அவர் மகள் விஜி பாடினார், தங்கை கமலா பாடினார். நண்பன் என்றால் அவன் தன் திறமையால் வந்து சேர்ந்தவன் என்று பொருள். குடும்பம் என்றால் இருந்த இடத்தில் இருந்தவள் என்று பொருள். நண்பனை அழைக்க வேண்டும், பேச வேண்டும், சம்மதிக்க வைக்க வேண்டும். குடும்பத்தை அழைக்க வேண்டியதில்லை. அது வரும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ரவிசங்கர் அவரை ஒடுக்கவில்லை. மேடை கொடுத்தார், பாட்டு கொடுத்தார், தன் குழுவையே அவர் கையில் விட்டார். இசைத்தட்டில் லட்சுமி சங்கரின் பெயர் அச்சாகித்தான் இருந்தது. யாரும் அழிக்கவில்லை. உண்மை. அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அழித்தவன் ஒருவன் இருந்தால் அவனை நோக்கி விரல் நீட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே அப்படி யாருமில்லை. எல்லோரும் அன்பானவர்கள். அன்பான அந்தச் சொல்தான், குடும்பம் என்ற சொல்தான், ஒரு கலைஞரைக் கரைத்தது. ‘குழுவின் பாடகி, குழுவை நடத்தியவர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அண்ணி’ என்று எழுதினால் போதும். மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

அதே குடும்பத்தில் இன்னொரு பெயரும் உண்டு. ரவிசங்கரின் முதல் மனைவி அன்னபூர்ணா தேவி. அலாவுதீன் கானின் மகள். சுர்பஹார் வாத்தியத்தில் தந்தையின் கலையை முழுதாகக் கற்றவர். பொதுமேடையை விட்டு விலகி, மும்பையில் ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, 2018இல் இறக்கும்வரை கற்றுக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். 1974இன் அந்த அமெரிக்க மேடையில் புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியா அவருடைய மாணவர். மாணவர் மேடையில். குருவானவள் வீட்டில். அவரைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் அவருடைய கல்யாண வாழ்க்கையைச் சுற்றித்தான் நடக்கிறது, வாசிப்பைச் சுற்றி அல்ல.

லட்சுமியின் மகள் விஜி, அதே குழுவில் வயலின் வாசித்த எல். சுப்ரமணியத்தை மணந்தார். 1995இல் இறந்தார். தாய் லட்சுமி சங்கர் 2013 டிசம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் தன் எண்பத்தேழாம் வயதில் மறைந்தார். ‘காந்தி’ திரைப்படத்தின் இசையில் அவருடைய குரல் இருக்கிறது. முதுமையில் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்புக்காக கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். தமிழ்நாட்டில் எத்தனை இசை மாணவிகளுக்கு அவர் பெயர் தெரியும்? என் கல்லூரியில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கையும் உயரவில்லை.

அவரையும் விஜியையும் நினைவிலிருந்து மீட்கும் வேலையைச் செய்தவர் விஜியின் மகள் ஜிஞ்சர் சங்கர். அவரும் வயலின் கலைஞர். பாட்டியும் அம்மாவும் சொல்லப்படாமல் போன கதையை இசையும் படமும் கலந்த ஒரு நிகழ்த்துகலையாக உருவாக்கினார். பெயர் ‘நாரி’. பெண் என்று பொருள். பாருங்கள், குடும்பம் மறந்ததை நினைவுபடுத்தக் குடும்பத்துப் பெண்தான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லையா?

இது நம் கூட்டுக்குடும்பத்துச் சங்கதி, வெள்ளைக்காரர்களின் இசைக்குழுவில் இப்படி நடக்காது என்று சிலர் நினைக்கக்கூடும். அவர்களுக்கு சிக்னி ஆண்டர்சன் கதையைச் சொல்கிறேன். சான்ஃபிரான்சிஸ்கோவில் 1965இல் தோன்றிய ஜெஃபர்சன் ஏர்பிளேன் என்ற ராக் குழுவின் முதல் பாடகி அவர். முதல் இசைத்தட்டில் இருப்பது அவருடைய கனத்த குரல். அந்தத் தட்டு வெளிவந்த 1966இல்தான் அவருக்குக் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு ஊர் ஊராகச் சுற்ற முடியவில்லை. அக்டோபரில் விலகினார். மறுநாளே கிரேஸ் ஸ்லிக் அந்த இடத்துக்கு வந்தார். அடுத்த இசைத்தட்டில் குழு உலகப்புகழ் பெற்றது. 1996இல் ராக் இசையின் புகழ்மன்றத்தில் அந்தக் குழுவைச் சேர்த்தபோது ஆறு பேரைச் சேர்த்தார்கள். சிக்னி அதில் இல்லை. 2016 ஜனவரி 28 அன்று அவர் இறந்தார். அதே நாளில் குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பால் கான்ட்னரும் இறந்தார். இருவருக்கும் ஒரே வயது, எழுபத்து நான்கு. கான்ட்னரின் மறைவு உடனே உலகச் செய்தியானது. சிக்னியின் மறைவு சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது, அதுவும் கான்ட்னர் செய்தியின் வாலாக.

அந்தக் குழுவில் குழந்தை பெற்ற ஆண்கள் யாருமே இல்லையா? இருந்திருப்பார்கள். அவர்களை யாரும் விலகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் விலகத் தோன்றவில்லை. சிக்னி தன் சொந்த முடிவாகத்தான் விலகினார் என்பார்கள். தொட்டிலைத் தூக்கிக்கொண்டு வர இடமில்லாத வண்டியில் ஏறாமல் நின்றவளைப் பார்த்து, அது அவள் முடிவு என்று சொல்வது எளிது. அவர் குடும்பத்துக்காக வெளியே போனார், மறந்தார்கள். லட்சுமி குடும்பமாகவே உள்ளே இருந்தார், அவரையும் மறந்தார்கள். அப்படியானால் எங்கே நின்றால் நாம் கண்ணுக்குத் தெரிவோம்?

எங்கள் கொங்கு மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன் உள்ள வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். கூலிக்கு நெசவு நடக்கும். பாவும் நூலும் வாங்கிவருவது ஆண். துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆண். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கணக்கு எழுதுவது அவன் பெயரில். நடுவில் தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிபோடுவது, அவன் வெளியே போன நேரமெல்லாம் நான்கு தறியையும் ஒற்றை ஆளாக ஓட்டுவது அவன் மனைவி. அவளிடம் போய் நீங்க என்ன வேலை பாக்கறீங்க என்று கேளுங்கள். “வீட்லதாங்க இருக்கறேன். தறியில கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவேன்” என்பாள். பத்து மணிநேர வேலைக்குப் பெயர் ஒத்தாசை. நான் அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். என் அம்மா முப்பது ஆண்டு ஒத்தாசை செய்தார். இன்று தறிச் சத்தத்தில் போன காதோடு உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ் படித்தவள் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சங்க இலக்கியத்தில் பாணர்களின் குழுவுக்கு என்ன பெயர் தெரியுமா? சுற்றம். ஒக்கல். கடும்பு. மூன்றும் உறவைக் குறிக்கும் சொற்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம்முடைய இசைக்குழு குடும்பமாகத்தான் இருந்திருக்கிறது. பத்துப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாணனை ஆற்றுப்படுத்த இரண்டு நெடும்பாட்டு, பொருநனுக்கு ஒன்று, கூத்தனுக்கு ஒன்று. விறலியை ஆற்றுப்படுத்த ஒரு நெடும்பாட்டும் இல்லை. புறநானூற்றில் சில சிறு பாடல்கள் உண்டு, அவ்வளவுதான். பொருநராற்றுப்படையில் பாடினி வருகிறாள். கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை அவள் உடம்பு விரிவாக வருணிக்கப்படுகிறது. வழி சொல்வது மட்டும் அவளிடம் இல்லை, அவளைக் கூட்டிக்கொண்டு போகும் பொருநனிடம். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் வருணனையின் அழகைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மணியடித்ததும் வெளியே வந்திருக்கிறேன். பதினேழு ஆண்டுகளாக. அவள் என்ன பாடினாள், அவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

இதே கொங்கில்தான் கொடுமுடி இருக்கிறது. 1908இல் அங்கே பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். அவருடைய முன்னெழுத்துகளை விரித்துப் பாருங்கள். கே என்றால் கொடுமுடி. பி என்றால் பாலாம்பாள், அவருடைய அம்மா. ஊர்ப்பெயரும் தாயின் பெயரும் சேர்ந்து ஒரு பெண்ணின் பெயராக நின்றது. 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்நாளில் எந்த நடிகரும் கேட்டிராத தொகை. பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். ஆனாலும் நம் மேடைகளில் அவர் கதையைத் தொடங்குகிறவர்கள் எங்கே தொடங்குகிறார்கள்? கிட்டப்பாவில். எங்கே முடிக்கிறார்கள்? 1933இல் கிட்டப்பா இறந்தபின் அவர் உடுத்திய வெள்ளைச் சேலையில். அந்த ஒரு லட்சத்தை அவர் எப்படிப் பேசி வாங்கினார் என்பதைக் கதையாகச் சொல்ல ஆளில்லை. எங்கள் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சேலையைவிட அந்தக் கதைதான் தேவை.

இவ்வளவு பேசும் நான் யோக்கியமா? இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது என் முதல் கவிதைத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். நன்றியுரையில் பேராசிரியர்கள் பெயர் இருக்கிறது. நண்பர்கள் பெயர் இருக்கிறது, எல்லோரும் ஆண்கள். அட்டைப்படம் வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், அச்சகத்துக்காரர் எல்லோர் பெயரும் உண்டு. கடைசி வரி, ‘மற்றும் என் குடும்பத்தினருக்கு’. அந்த ஆண்டில் என் மகனுக்கு இரண்டு வயது. நான் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் முடித்து, கவிதையும் எழுதிக்கொண்டிருந்தேன். இரவு எழுதவும் பகலில் நூலகம் போகவும் முடிந்ததற்கு ஒரே காரணம், தாராபுரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிப் பிள்ளையைத் தூக்கிவைத்திருந்த என் மாமியார். பெண்ணியம் பேசும் கவிதைகள் அடங்கிய அந்தத் தொகுப்பில் அவர் பெயர் இல்லை. அவரும் கேட்கவில்லை. அவர் படித்தவர் இல்லை என்பதால் தெரியாது என்று நினைத்திருந்தேன். பின்னொரு நாள் அடுத்த வீட்டம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம் மருமக பொஸ்தகத்துல நானும் இருக்கறனாமா. கடைசி வரியில.” அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகவே, ஆண்கள் செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லி இதை முடிக்க முடியாது. குடும்பம் என்ற சொல்லின் சவுகரியத்தை நாமும் அனுபவிக்கிறோம். அந்தச் சொல்லைப் போட்டால் பெயர் கேட்டுப் போக வேண்டாம், பங்கு பிரிக்க வேண்டாம், கடன்பட்டிருக்கிறோம் என்ற உறுத்தலும் வேண்டாம். நன்றி சொன்ன மாதிரியும் ஆயிற்று.

மாணவிகளே, உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். ஆய்வேட்டில் நன்றியுரை எழுதும்போது குடும்பத்தினர் என்ற சொல்லைப் போடாதீர்கள். அம்மா பெயரை எழுதுங்கள், அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். உங்கள் விடுதிக் கட்டணத்துக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாரென்றால் தோடு என்றே எழுதுங்கள். இசைக்குழுக்களின் வரலாறு, நாடகக் கம்பெனிகளின் வரலாறு எழுத முற்படுகிறவர்கள் படத்தின் ஓரத்தில் நிற்கும் பெண் யார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். மனைவி, தங்கை, அண்ணி என்று விடை வந்தால் அதோடு நிற்காதீர்கள். அவர் என்ன வாசித்தார், என்ன பாடினார், எவ்வளவு வாங்கினார் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பாடுகிற பெண்ணாக இருந்தால், பேனரில் உங்கள் பெயரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு என்பார்கள். ஜெனரேட்டர்க்காரருக்கு இல்லாத மரியாதைக்குறைவு உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

என் தொகுப்பின் மறுபதிப்பு இந்த ஆண்டு வருகிறது. நன்றியுரையை மாற்றி எழுதிவிட்டேன். மாமியார் இப்போது இல்லை. அவர் பெயரையும், அவர் எங்களோடு தங்கியிருந்த பதினெட்டு மாதங்களையும் முதல் வரியாக வைத்திருக்கிறேன். தாமதமான வேலைதான். அவர் அடுத்த வீட்டம்மாவிடம் காட்ட முடியாத பக்கம் அது.

அந்த மாணவி பெரியப்பா வீட்டில் பேச இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. சித்திரையில், கடைசித் திருவிழா முடிந்த மறுநாள், பேனரின் படம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பினாள். பாடகர் படத்துக்குப் பக்கத்தில் அவள் படம். கீழே அவள் பெயர், பாடகி என்று தனியாக. உடனே கூப்பிட்டேன்.

“பேரு போட்டாச்சுங்க மேடம்” என்றாள்.

“கூலி?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“அது இன்னும் அண்ணங்கிட்டத்தானுங்க. ஆடியில அவிநாசிக் கச்சேரி ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு முன்னாடி கேக்கறேன்.”